தோட்டத்து ஸ்டோரில் இருக்கும் விஷமும் போரில் தடை செய்த விஷமும்

தம்பி, யூடியூப்பில் முதல் உலகப் போர் பற்றிப் பார்த்துவிட்டு உன் மகள் மூன்று கேள்வி கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். உலகமே இரசாயன ஆயுதத்தைத் தடை செய்துவிட்டதென்றால், அப்பா சாவி வைத்திருக்கும் தோட்டத்து ஸ்டோரில் மண்டையோடு படம் போட்ட மருந்து எப்படி இருக்கிறது? கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் கண்ணீர்ப்புகை அடிக்கலாம், போரில் ராணுவம் அடிக்கக் கூடாது என்கிறார்களே, அது ஏன்? யாராவது மீறினால் யார் கேட்பது? மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பல வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு முன்னால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இந்த மூன்று கேள்வியும் எனக்கு வெறும் பாடம் இல்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: சட்டம் போத்தலைப் பார்க்கவில்லை, அதை எதற்காக வைத்திருக்கிறாய் என்று பார்க்கிறது. இரசாயன ஆயுத ஒப்பந்தம் 1993 ஜனவரியில் பாரிஸில் கையெழுத்துக்கு வந்தது, 1997 ஏப்ரல் 29 முதல் நடப்பில் இருக்கிறது. மனிதனையோ விலங்கையோ கொல்லக்கூடிய, முடக்கக்கூடிய எந்த இரசாயனமும் அந்த ஒப்பந்தத்தின்படி ஆயுதம்தான். ஆனால் விவசாயம், தொழில், மருத்துவம், ஆராய்ச்சி போன்ற காரியத்துக்காக, அந்தக் காரியத்துக்குத் தேவையான வகையிலும் அளவிலும் இருந்தால் அது ஆயுதம் ஆகாது. இதில் 'அளவு' என்ற சொல்லைக் கவனி. நூறு ஏக்கர் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு)ப் பத்து டிரம் மருந்து என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நூறு ஏக்கருக்குப் பத்தாயிரம் டிரம் என்றால் கேள்வி வரும்.

ஏன் ஒரு பட்டியல் போட்டு 'இந்த விஷங்கள் கூடாது' என்று எழுதி முடித்துவிடவில்லை? பட்டியலும் உண்டு, மூன்று அட்டவணைகளாக. சாரின், வி.எக்ஸ். என்ற நரம்பு விஷங்கள், தோலைக் கொப்புளிக்க வைக்கும் கடுகு வாயு எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் ரிசினும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. ஆனால் குளோரின் மூன்று அட்டவணையிலும் இல்லை. குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்ய உலகம் முழுக்கப் பயன்படும் பொருளை எப்படிப் பட்டியலில் போட முடியும்? அந்தக் குளோரின்தான் போர்க்களத்தில் பெரிய அளவில் அடிக்கப்பட்ட முதல் கொலை வாயு.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் குளோரின் தயாரித்துக் காட்டுவேன். கண்ணாடி ஜாடியின் அடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம் தங்கும். காற்றைவிடக் கனம் என்பதால் மேலே ஏறாது. ஈரமான பூவிதழ் ஒன்றை உள்ளே போட்டால் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். ஈரம் உள்ள இடத்தில் அது அமிலமாக மாறும். நம் உடம்பில் ஈரமான இடம் எது? கண், தொண்டை, நுரையீரல். 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர் ஊருக்கு அருகே ஜெர்மன் படை கிட்டத்தட்ட 6,000 உருளைகளைத் திறந்துவிட்டது. 150 டன்னுக்கு மேல் குளோரின். காற்று எதிரி பக்கம் திரும்பும்வரை பல நாள் காத்திருந்து திறந்தார்கள். கனமான வாயு பதுங்குகுழிக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது. குண்டுக்குப் பயந்து குழிக்குள் படுத்தவனுக்குத்தான் முதலில் மூச்சு நின்றது.

அந்தத் தாக்குதலை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹாபர். காற்றில் இருக்கும் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்து, அதற்காக 1918-க்கான நோபல் பரிசு வாங்கியவர் அவரேதான். உன் ஸ்டோரில் அடுக்கியிருக்கிற யூரியா மூட்டை அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தது. ஒரே மனிதனின் கையிலிருந்து உரமும் வந்தது, விஷக்காற்றும் வந்தது. பொருளைப் பார்க்காதே, காரியத்தைப் பார் என்று சட்டம் எழுதியவர்கள் சொன்னதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

பூச்சிமருந்துக்கும் நரம்பு விஷத்துக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கம். 1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்பவர் பயிரைத் தின்னும் பூச்சிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் செய்த ஒரு பொருள் மேசையில் சில துளி சிந்தியது. கண்மணி சுருங்கி, பார்வை மங்கி, மூச்சுத் திணறல் வந்தது. தேறிவர மூன்று வாரம் ஆயிற்று. அதுதான் டாபுன், முதல் நரம்பு வாயு. 1950-களில் பிரிட்டனில் ரணஜித் கோஷ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய அமிட்டோன் என்ற பூச்சிமருந்து கடைக்கே வந்தது. தோட்டவேலைக்கு ஆகாத அளவு நச்சு என்று திரும்பப் பெற்றார்கள். அந்தக் குடும்பத்திலிருந்துதான் ராணுவ ஆய்வுக்கூடம் வி.எக்ஸை எடுத்தது.

இவை உடம்பில் செய்யும் வேலை ஒன்றுதான். தசையைச் சுருங்கு என்று நரம்பு ஒரு சுரப்பை அனுப்பும். வேலை முடிந்ததும் அந்தச் சுரப்பை அழிக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைக் கட்டிப் போட்டுவிடும். சுருங்கிய தசை விடாது, எச்சில் வழியும், நுரையீரலில் நீர் கோக்கும், கடைசியில் மூச்சுத்தசை ஓய்ந்துவிடும். மாலத்தியோன், குளோர்பைரிபோஸ் போன்ற பூச்சிமருந்துகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன, வேகமும் வீரியமும் மட்டும் குறைவு. பூச்சிமருந்து குடித்துவிட்ட ஆளுக்கு ஆஸ்பத்திரியில் போடுவது அட்ரோபின் ஊசி. 1995-இல் தோக்கியோ சுரங்க ரயிலில் ஒரு மதக்கூட்டம் சாரினை விட்டபோது பாதிக்கப்பட்டவர்களுக்குப் போட்டதும் அதே அட்ரோபின்தான்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று உன் மகள் நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரி 13 அன்று நம் கோலாலம்பூர் கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ பூசினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. நம் இரசாயன இலாகா பரிசோதித்து அது வி.எக்ஸ். என்று கண்டுபிடித்தது. கேமரா முன் செய்கிற விளையாட்டு என்று சொல்லித்தான் எங்களைச் செய்ய வைத்தார்கள் என்று அந்தப் பெண்கள் இருவரும் சொன்னார்கள். 2019-இல் இருவரும் விடுதலையாகி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஏவியவர்கள் என்று போலீஸ் தேடிய வட கொரியர்கள் அன்றைக்கே விமானம் ஏறியிருந்தார்கள். நம் நாட்டில் 2005-லிருந்து இரசாயன ஆயுத ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. இருந்தும் அந்தப் பெண்கள் மீது போட்டது தண்டனைச் சட்டத்தின் கொலைக் குற்றம்.

சட்டம் எப்படி ஓட்டை அடைத்து அடைத்து வளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1899-இல் ஹேக் நகரில் ஒரு பிரகடனம் செய்தார்கள்: மூச்சுத் திணறவைக்கும் வாயுவைப் பரப்புவதையே நோக்கமாகக் கொண்ட குண்டுகளை வீசக் கூடாது. ஈப்ரில் ஜெர்மனி குண்டு வீசவில்லை, உருளையைத் திறந்தது. எழுத்துப்படி பார்த்தால் தப்பில்லை என்று வாதாடினார்கள். அந்தப் போரில் விஷவாயுவால் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள், பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். பிறகு 1925-இல் ஜெனிவா நெறிமுறை வந்தது. போரில் பயன்படுத்தக் கூடாது என்றது, ஆனால் செய்யவோ வைத்திருக்கவோ தடை போடவில்லை. பல நாடுகள் 'எங்கள் மேல் அடித்தால் நாங்களும் அடிப்போம்' என்று நிபந்தனை போட்டே கையெழுத்திட்டன. பத்து வருஷத்தில் இத்தாலி எத்தியோப்பியாவில் கடுகு வாயு அடித்தது. ஜப்பான் சீனாவில் அடித்தது. 1988 மார்ச் 16 அன்று ஈராக் படை ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் அடித்ததில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், 5,000 வரை என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் 1993-இல் 'செய்யாதே, வைத்திருக்காதே, கொடுக்காதே, உதவாதே, இருப்பதை அழி' என்று முழுசாக எழுத முடிந்தது. 'எந்தச் சூழ்நிலையிலும்' என்ற சொல்லும் அப்போதுதான் சேர்ந்தது.

அந்தச் சொல் ஏன் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது என்றால், நம் ஊர்க் கதை அதில் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி அவசரகாலம் பிறப்பித்தார்கள். அது 1960 வரை நீடித்தது. பன்னிரண்டு வருஷம் நடந்தது போர்தான், ஆனால் ஆங்கிலேயர் அதைப் போர் என்று அழைக்கவில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். இதெல்லாம் நம் பெரியவர்கள் சொல்லி உனக்கும் தெரியும்.

அவர்கள் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. 1952-இல் பதுங்கித் தாக்க வாய்ப்பான சாலையோரங்களில் களைக்கொல்லி அடித்தார்கள். 1953-இல், ஆங்கிலேய உயர் ஆணையர் ஜெனரல் டெம்பிளர் காலத்தில், காட்டுக்குள் போராளிகள் போட்ட சர்க்கரைவள்ளி, சோளக் கொல்லைகளின் மேல் விமானத்திலிருந்தும் ஹெலிகாப்டரிலிருந்தும் அடித்தார்கள். அடித்த மருந்துகளில் ஒன்று டிரையாக்ஸோன். அது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகள் சேர்ந்த கலவை. பிற்பாடு வியட்நாமில் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்று பெயர் பெற்றதும் அதே ஜோடிதான். அதிலுள்ள 2,4,5-டி தயாராகும்போது டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் கூடவே பிறக்கும்.

1961-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அதிபர் கென்னடிக்கு ஒரு குறிப்பு எழுதினார். இலையுதிர்க்கும் மருந்து அடிப்பது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம் இல்லை, மலாயாவில் ஆங்கிலேயர் விமானத்தில் பயிர் மேல் மருந்து அடித்துக் காட்டியிருக்கிறார்கள் என்பது அதன் சாரம். முன்னுதாரணம் நாம், தம்பி. பேராக் காட்டில், பகாங் காட்டில் செய்ததைக் காட்டி வியட்நாமில் பத்து வருஷம் கோடிக்கணக்கான லிட்டர் கொட்டினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கொல்லைகளுக்குப் பக்கத்தில் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களும் இருந்தார்கள், அந்த ஆற்றுத் தண்ணீரை எத்தனையோ பேர் குடித்தார்கள்.

சரி, இன்றைய ஒப்பந்தம் இதைத் தடுக்கிறதா? பாதிதான். களைக்கொல்லியைப் போர் முறையாகப் பயன்படுத்துவது ஏற்கெனவே தடை செய்யப்பட்டது என்று அதன் முகவுரை ஒப்புக்கொள்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் வரையறை மனிதனையும் விலங்கையும் மட்டும் சொல்கிறது, செடியைச் சொல்லவில்லை. வயலைக் கருக்கி ஆளைப் பட்டினி போடுவது விஷம் வைப்பதற்குச் சமம்தானே? இதை ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுதியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கண்ணீர்ப்புகையைப் போர் முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தின் முதல் பிரிவே சொல்கிறது. உள்நாட்டுக் கலகத்தை அடக்குவது உட்படச் சட்டம் ஒழுங்கு காக்கும் வேலையை அனுமதித்த காரியங்களில் சேர்த்திருக்கிறது. விநோதமாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. போர்க்களத்தில் புகை வருவதைப் பார்க்கிற சிப்பாய்க்கு அது கண் எரிச்சலா, உயிர் போகிற விஷமா என்று தெரியாது. பதிலுக்கு அவன் பெரியதை எடுப்பான். முதல் உலகப் போரும் கண் எரிச்சல் வாயுவில்தான் தொடங்கியது. வியட்நாமில் சுரங்கத்துக்குள் இருந்தவர்களைப் புகை போட்டு வெளியே வரவழைத்து, வந்தவர்களைக் குண்டு போட்டுக் கொன்றார்கள். அதனால் போரில் ஒரு துளியும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அதற்காக ஊருக்குள் எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று பொருள் இல்லை, 'வகையும் அளவும்' அங்கேயும் பொருந்தும். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர் உரிமைக்காக நடந்த இண்ட்ராஃப் பேரணியின்போது பத்துமலைக் கோயில் வளாகத்தில் கூடியிருந்தவர்கள் மேல் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். சுற்றிலும் அடைத்த இடத்தில் அது என்ன செய்யும் என்று அன்று அங்கே மூச்சுக்குத் தவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யார் கேட்பது என்பதற்கு, நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் இரசாயன ஆயுதத் தடை அமைப்பு என்று பதில் சொல்லலாம். 193 நாடுகள் உறுப்பினர், மலேசியா 2000-இல் சேர்ந்தது. வெளியே நிற்பவை எகிப்து, வட கொரியா, தென் சூடான். இஸ்ரேல் கையெழுத்திட்டு உறுதி செய்யாமல் இருக்கிறது. அந்த அமைப்பின் அன்றாட வேலை என்ன தெரியுமா? உன் வேலைதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, கையிருப்பு எவ்வளவு, கணக்குப் புத்தகமும் டிரம்மும் ஒத்துப் போகிறதா என்று தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பார்ப்பது. நாடுகள் ஒப்புக்கொண்டு காட்டிய கையிருப்பு 72,000 டன்னுக்கு மேல். அதில் கடைசித் துண்டை 2023 ஜூலையில் அமெரிக்கா அழித்து முடித்தது. இந்தியாவும் தன்னிடம் இருந்ததை 2009-இல் அழித்துவிட்டது. ஒரு வகை ஆயுதத்தை எண்ணி, எடுத்து, கண்காணித்து இந்த அளவுக்கு அழித்தது எனக்கு உண்மையாகவே மனநிறைவு தருகிற காரியம். 2013-இல் அந்த அமைப்புக்குக் கொடுத்த அமைதி நோபல் தகும்.

ஆனால் மீறுபவன் பின்னால் ஒரு பெரிய நாடு நின்றால் கை கட்டப்படுகிறது. 2013 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் கூத்தா பகுதியில் சாரின் விழுந்து, உறக்கத்தில் இருந்த குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். சிரியா ஒப்பந்தத்தில் சேர்ந்து 1,300 டன் இருப்பதாகக் காட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் அந்நாட்டுப் படை குளோரினும் சாரினும் அடித்தது என்று அமைப்பின் விசாரணைக் குழு கண்டது. 2017-இல் ஐ.நா.வும் அமைப்பும் சேர்ந்து நடத்திய விசாரணையை நீட்டிக்க விடாமல் பாதுகாப்பு மன்றத்தில் ரஷ்யா வீட்டோ போட்டது. சிரியாவுக்கு அமைப்பு கொடுத்த தண்டனை, 2021-இல் வாக்குரிமையை நிறுத்தி வைத்தது. அவ்வளவுதான்.

தனி ஆளைப் பிடிப்பது சில சமயம் நடந்திருக்கிறது. சதாம் ஹுசைன் அரசுக்குக் கடுகு வாயு செய்யும் மூலப்பொருளை விற்ற நெதர்லாந்து வியாபாரி ஃப்ரான்ஸ் வான் அன்ராட்டுக்கு, போர்க் குற்றத்துக்கு உடந்தை என்று 2005-இல் 15 வருஷச் சிறை கொடுத்தது அந்நாட்டு நீதிமன்றம். நான் விற்றது துணித் தொழிற்சாலைக்குப் போகும் சரக்கு என்று நினைத்தேன் என்ற அவர் வாதம் எடுபடவில்லை. எதற்குப் போகிறது என்று தெரிந்தே விற்றவன் குற்றவாளி. ஓர் ஆள் மீது போர்க் குற்ற வழக்கு நடத்தக்கூடிய சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நம் நாடு 2019 மார்ச்சில் சேர்ந்து, அடுத்த மாதமே விலகிக்கொண்டது. அந்த விலகல் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

மறுபடி உன் ஸ்டோருக்கு வருகிறேன். அங்கே இருப்பது விவசாயக் காரியத்துக்கு என்பதால் ஒப்பந்தம் அதைத் தொடாது. அதற்கு 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும்தான் காவல். என் அம்மா மருந்து அடித்த காலத்தில் அந்தக் காவல் லயம்வரை வந்ததில்லை. நாலு கேலன் பம்பு முதுகில். பழைய சட்டை, வாயில் ஒரு துண்டு, காலில் ஒன்றும் கிடையாது. பம்பு கசிந்து முதுகு நனைந்தபடியே நிரை முடியும்வரை நடப்பார். வீட்டுக்கு வந்தால் மூக்கில் இரத்தம். விரல் நகம் முதலில் மஞ்சளானது, பிறகு கழன்று விழுந்தது. சாதத்தைப் பிசைய முடியாமல் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் களிம்பு கொடுத்தார், மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள், போனார்.

அம்மா அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அது நரம்பு விஷம் இல்லை, உள்ளே போனால் நுரையீரலைச் சிறுகச் சிறுக இறுக்கிவிடும், முறிவு மருந்து கிடையாது. ஐரீன் பெர்னாண்டஸும் அவருடைய தெனாகனித்தா அமைப்பும் மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை வெளியே கொண்டுவந்து போராடினார்கள். 2002-இல் அரசு அதைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, ஒருவழியாக 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. அம்மா அதைப் பார்க்க இல்லை.

உன் மகளிடம் இந்தப் பகுதியையும் மறைக்காமல் சொல். நீயும் ஸ்டோரின் பின்மூலையில் ஒருமுறை தேடிப் பார். 2020-க்கு முந்தைய பாராகுவாட் டின் ஏதாவது ஒட்டடையோடு கிடந்தால் திறக்காதே, யாருக்கும் கொடுக்காதே, விவசாய இலாகாவுக்குச் சொல்லி ஒப்படைத்துவிடு. 2,4-டி எடுக்க வரும் ஆட்களுக்குக் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் அளந்து ஊற்றாதே. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்து. இந்த டவுனில் அப்படி வைத்த போத்தலை எடுத்துக் குடித்த ஒரு பையனை எனக்குத் தெரியும், என் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன்.